கிடுகுக் கொட்டில் வரை வந்த இலவசக் கல்வி: கன்னங்கராவின் கதை

திங்கட்கிழமைக் காலைக் கூட்டத்தில் பிள்ளைகள் மயங்கி விழுவது எங்கள் பக்கத்துப் பாடசாலைகளில் புதிய செய்தி அல்ல. கற்பிட்டிக் குடாநாட்டில் காலை ஏழரைக்கே வெயில் சுள்ளென்று ஏறிவிடும். தேசிய கீதம் முடிவதற்குள் வரிசையில் ஒரு பிள்ளை தள்ளாடும். தூக்கிக்கொண்டு போய் நிழலில் படுக்கவைத்து, முகத்தில் தண்ணீர் தெளித்து, காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் பதில் பெரும்பாலும் ஒன்றுதான். வெறும் பிளேன்டீ. சில நாட்களில் அதுவும் இல்லை.

போன தவணையில் அப்படி விழுந்தது ஐந்தாம் தரத்துப் பிள்ளை. வீட்டில் அரிசி இல்லாத பிள்ளை அல்ல. தகப்பன் வெங்காயத் தோட்டம் செய்கிறார். புலமைப்பரிசில் பரீட்சைக்காக அதிகாலையிலேயே ரியூசனுக்குப் போய், அங்கிருந்து நேரே பாடசாலைக்கு வந்திருந்தது. இரவு பதினொரு மணி வரை மாதிரி வினாத்தாள். தூக்கமும் இல்லை, சாப்பாடும் இல்லை. அந்தப் பிள்ளைக்கு ஒரு பணிஸ் வாங்கிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது சுவரில் மாட்டியிருந்த படம் கண்ணில் பட்டது. வழுக்கைத் தலை, அமைதியான முகம். கீழே இலவசக் கல்வியின் தந்தை கலாநிதி சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா என்று எழுதியிருந்தது.

பிள்ளைகள் அவரைப் பற்றிப் பத்து வரிக் கட்டுரை மனப்பாடம் செய்வார்கள். பிறந்த ஊர், பிறந்த ஆண்டு, இலவசக் கல்வி, இறந்த ஆண்டு. முடிந்தது. நானும் அப்படித்தான் படித்தேன். பிற்பாடு ஆசிரியராகி அவருடைய வாழ்க்கையைத் தேடி வாசித்தபோதுதான் அந்தப் பத்து வரிக்கு வெளியே எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தது. அந்தப் பிள்ளை மயங்கி விழுந்ததற்கும் அந்தப் படத்துக்கும் உள்ள தொடர்பும் அப்போதுதான் விளங்கியது. அதனால் இதை எழுதுகிறேன்.

கடலோரத்துப் பையன்

கிறிஸ்தோபர் வில்லியம் விஜேகோன் கன்னங்கரா 1884 ஒக்டோபர் 13 ஆம் திகதி தென்னிலங்கையில் அம்பலாங்கொடைக்கு அருகிலுள்ள ரன்தொம்பையில் பிறந்தார். அதுவும் எங்களைப் போல ஒரு கடலோரம்தான். செல்வந்தக் குடும்பம் அல்ல. அம்பலாங்கொடையில் இருந்த வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் ஆரம்பக் கல்வி.

அந்தப் பாடசாலையின் பரிசளிப்பு விழாவுக்கு ஒருமுறை காலி றிச்மண்ட் கல்லூரியின் அதிபர் ஜேம்ஸ் ஹொரேஸ் டாரல் பாதிரியார் வந்திருந்தார். மேடையில் பரிசு வாங்க ஒரே பையன் திரும்பத் திரும்ப ஏறி வருவதைக் கண்டு, இத்தனை புத்தகங்களையும் வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டு வண்டிதான் பிடிக்கவேண்டும் என்று பகிடி விட்டதாகச் சொல்வார்கள். பகிடியோடு அவர் விட்டுவிடவில்லை. அந்தப் பையனுக்கு றிச்மண்ட் கல்லூரியில் புலமைப்பரிசில் கிடைக்க வழி செய்தார். அது இல்லாவிட்டால் கன்னங்கராவின் குடும்பத்துக்கு ஓர் ஆங்கிலக் கல்லூரிப் படிப்பு எட்டாக்கனி.

றிச்மண்டில் அவர் கணிதத்தில் கெட்டிக்காரனாக இருந்தார். கிரிக்கெட் விளையாடினார். படிப்பு முடிந்ததும் டாரல் அவரை அங்கேயே கணித ஆசிரியராக வைத்துக்கொண்டார்.

1906 இல் கல்லூரியில் நெருப்புக்காய்ச்சல் பரவியது. அந்தக் காலத்தில் அதற்கு மருந்து இல்லை. நல்ல பராமரிப்பு ஒன்றுதான் வைத்தியம். டாரல் நோயுற்ற மாணவர்களைத் தானே கவனித்தார். அந்த நோய் அவரையும் தொற்றி, அதே ஆண்டில் அவர் இறந்துபோனார். கன்னங்கராவுக்கு அப்போது 21 வயது. தன்னைத் தூக்கிவிட்ட குருவை, ஒரு பாடசாலைக்குள் புகுந்த காய்ச்சலுக்குப் பறிகொடுத்தார்.

நெருப்புக்காய்ச்சல் பரவுவது அசுத்தமான தண்ணீராலும் உணவாலும். அதே 1906 இல்தான் இங்கிலாந்தில் பாடசாலைப் பிள்ளைகளுக்கு உணவு வழங்க உள்ளூராட்சிச் சபைகளுக்கு அதிகாரம் தரும் சட்டம் வந்தது. பசியோடு இருக்கும் பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதை அங்கேயும் அப்போதுதான் சட்டமாக எழுதத் தொடங்கியிருந்தார்கள்.

வாத்தியார் வேலையில் இருந்து அரசியலுக்கு

டாரல் இறந்த பிறகு கன்னங்கரா கொழும்புக்குப் போனார். சட்டம் படித்துக்கொண்டே மொரட்டுவை வேல்ஸ் இளவரசர் கல்லூரியிலும் கொழும்பு வெஸ்லி கல்லூரியிலும் படிப்பித்தார். 1910 இல் வழக்கறிஞராகிக் காலிக்குத் திரும்பினார்.

அடுத்த ஆண்டு, 1911 இல், படித்த இலங்கையர் அனைவருக்குமாகச் சட்டசபையில் ஒரே ஓர் ஆசனம் கொடுத்தார்கள். அதற்குப் போட்டியிட்டவர்களில் ஒருவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். மற்றவர் டொக்டர் மார்க்கஸ் பெர்னாண்டோ. தெற்கில் இராமநாதனுக்காக வேலை செய்த இளைஞர்களில் கன்னங்கராவும் ஒருவர். ஒரு தமிழருக்காகச் சிங்களவர் வாக்குக் கேட்ட காலம் ஒன்று இந்த நாட்டில் இருந்தது என்பதை எங்கள் பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். ஆனால் இருந்தது.

1923 இல் அவர் சட்டசபைக்குத் தெரிவானார். 1931 இல் டொனமூர் யாப்பின் கீழ், சொத்தும் படிப்பும் பாராமல் வயது வந்த ஆண் பெண் எல்லோருக்கும் வாக்குரிமை வந்தது. புதிய அரசாங்க சபைக்குக் காலியிலிருந்து தெரிவான கன்னங்கராவைக் கல்வி நிர்வாகக் குழு தன் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. இலங்கையின் முதலாவது கல்வி அமைச்சர் ஆனார். 1936 இல் மத்துகமைக்கு மாறிப் போட்டியிட்டு மீண்டும் அதே பதவிக்கு வந்தார். 1947 வரை பதினாறு ஆண்டுகள் அந்த நாற்காலியில் இருந்தவர் அவர்தான்.

இரண்டு வகைப் பள்ளிக்கூடங்கள்

இலவசக் கல்விக்கு முன் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமே இருக்கவில்லை என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. தமிழிலும் சிங்களத்திலும் படிப்பிக்கிற சுயமொழிப் பாடசாலைகள் இருந்தன. அங்கே கட்டணம் இல்லை. ஆனால் அங்கே படித்தால் எழுத வாசிக்கத் தெரியும், அதற்கு மேல் போக வழியில்லை. அரசாங்க உத்தியோகம், வைத்தியம், சட்டம், பல்கலைக்கழகம் எல்லாவற்றுக்கும் கதவு ஆங்கிலப் பாடசாலைதான். அங்கே காசு கட்டவேண்டும். அந்தப் பாடசாலைகளும் பெரும்பாலும் கொழும்பு, காலி, கண்டி, யாழ்ப்பாணம் போன்ற நகரங்களில். பிள்ளைகளில் மிகச் சிறிய பங்கினரே அந்தப் படியில் கால்வைத்தார்கள்.

புத்தளத்து உப்பளத்திலோ, உடப்பில் கரைவலை இழுக்கிற வீட்டிலோ, சிலாபத்துத் தென்னந்தோட்டத்திலோ பிறந்த பிள்ளைக்கு அந்தக் காலத்தில் என்ன நடந்திருக்கும்? தமிழிலோ சிங்களத்திலோ நாலைந்து வகுப்புப் படித்துவிட்டு வலைக்கோ வாய்க்காலுக்கோ போயிருக்கும். கெட்டிக்காரப் பிள்ளையாக இருந்தாலும் அதே கதிதான். டாரலைப் போல ஒருவர் தற்செயலாகப் பரிசளிப்பு விழாவுக்கு வந்தால் ஒழிய.

இந்தத் தற்செயலை இல்லாமல் செய்வதுதான் கன்னங்கராவின் வேலையாக இருந்தது என்று நான் விளங்கிக்கொள்கிறேன். தனக்குக் கிடைத்த புலமைப்பரிசில் ஒரு பெரிய மனிதரின் இரக்கத்தால் வந்தது. அது எல்லாப் பிள்ளைகளுக்கும் உரிமையாக வரவேண்டும் என்று அவர் நினைத்தார்.

காய்ச்சலும் கல்வியும்

அவர் அமைச்சராகி மூன்று ஆண்டுகளில், 1934 – 35 இல், மலேரியாக் கொள்ளைநோய் வந்தது. தெதுறு ஓயா, மா ஓயா வடிநிலங்களில் தொடங்கி நாட்டின் பாதியைச் சாய்த்தது. சுமார் 80,000 பேர் இறந்தார்கள். மழை பொய்த்து ஆறுகள் வற்றிக் குட்டை குட்டையாகத் தேங்கியதில் நுளம்பு பெருகியது. ஏற்கெனவே பட்டினியில் இருந்த கிராமத்துப் பிள்ளைகள்தான் அதிகம் செத்தார்கள். அந்த ஆறுகள் கடலில் சேர்வது எங்கள் கரையில்தான்.

ஒரு பிரதேசத்தில் மலேரியா எவ்வளவு இருக்கிறது என்று அறிய அந்தக் காலத்து வைத்தியர்கள் போன இடம் பாடசாலை. பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி வயிற்றைத் தடவி மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஓர் ஊரின் நோயை அந்த ஊர்ப் பிள்ளைகளின் உடம்பில் வாசித்தார்கள். 1926 இல் களுத்துறையில் தொடங்கப்பட்ட நாட்டின் முதலாவது சுகாதாரப் பிரிவும் பாடசாலைப் பிள்ளைகளைப் பரிசோதிப்பதைத் தன் வேலைகளில் ஒன்றாக வைத்திருந்தது. கன்னங்கரா பின்னர் தெரிவான மத்துகமை அதே களுத்துறை மாவட்டத்தில்தான் இருக்கிறது.

1930 களில் கண்டிப் பக்கத்து ஹந்தெஸ்ஸையில் ஆரம்பமான கிராமியக் கல்வித் திட்டத்துக்குக் கன்னங்கரா பின்னால் நின்றார். கொப்பியும் கரும்பலகையும் மட்டும் கல்வி அல்ல என்பது அந்தத் திட்டத்தின் அடிப்படை. பிள்ளைகள் தோட்டம் செய்தார்கள். கைத்தொழில் பழகினார்கள். சுத்தம், சுகாதாரம், ஊரின் தேவைகள் எல்லாம் பாடத்துக்குள் வந்தன. அந்தக் காலத்தில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடசாலையில் பகலுணவு கொடுக்கும் ஏற்பாடும் பரவத் தொடங்கியது.

ஹந்தெஸ்ஸைத் திட்டம் நீடிக்கவில்லை. பெற்றோருக்கே அதில் சந்தேகம். பணக்காரன் பிள்ளைக்கு ஆங்கிலம், எங்கள் பிள்ளைக்கு மண்வெட்டியா என்று எண்ணினார்கள். அந்த எண்ணத்திலும் நியாயம் இருந்தது. கதவு இரண்டாக இருக்கும்வரை ஏழைக்கு வேறு பாடம் என்றால் அது ஏமாற்றாகத்தான் தெரியும். முதலில் எல்லாருக்கும் ஒரே கதவு வேண்டும் என்பதைக் கன்னங்கராவும் அதிலிருந்து கற்றிருக்கவேண்டும்.

1945 ஒக்டோபர் 1

1940 இல் அவர் தலைமையில் கல்விக்கான விசேட குழு அமைந்தது. 1943 இல் அறிக்கை வெளிவந்தது. பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கட்டணம் இல்லாத கல்வி. ஆரம்ப வகுப்புகளில் தாய்மொழியில் படிப்பு. கிராமத்துப் பிள்ளைகளுக்கு மத்திய பாடசாலைகள்.

எதிர்ப்பு எல்லாப் பக்கமும் இருந்தது. காசு எங்கிருந்து வரும் என்று நிதிப் பக்கம் கேட்டது. தோட்டத்தில் தேங்காய் பறிக்க ஆள் கிடைக்காது என்று காணிக்காரர் பயந்தார்கள். கட்டணத்திலும் அரச நன்கொடையிலும் ஓடிக்கொண்டிருந்த மதப் பாடசாலைகளின் முகாமைகள் தங்கள் பாடசாலைகளின் கதி என்னவாகும் என்று அஞ்சின. மிஷன் பாடசாலை ஒன்றால் உருவாக்கப்பட்ட மனிதரே மிஷன் பாடசாலைகளோடு மோதவேண்டி வந்தது. நீர்கொழும்பு தொடங்கிச் சிலாபம் தாண்டி வரும் எங்கள் கத்தோலிக்கக் கரையில் அந்தச் சர்ச்சையின் சூடு நன்றாகவே தெரிந்திருக்கும்.

ஆதரவும் இருந்தது. யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸின் ஹண்டி பேரின்பநாயகம் போன்ற தமிழ் ஆசிரியர்கள் இலவசக் கல்விக்காக வெளிப்படையாகக் குரல் கொடுத்தார்கள். 1944 மே மாதம் அரசாங்க சபையில் தொடங்கிய விவாதம் இழுபட்டு இழுபட்டுப் போனது. கடைசியில் 1945 ஒக்டோபர் 1 ஆம் திகதி இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. இங்கிலாந்தே அதற்கு முந்திய ஆண்டில்தான் அரச இடைநிலைப் பாடசாலைகளில் கட்டணத்தை நீக்கும் சட்டம் செய்திருந்தது. சுதந்திரம்கூடக் கிடைக்காத ஒரு சின்னத் தீவு பல்கலைக்கழகம் வரை கட்டணத்தை நீக்கியது.

மத்திய பாடசாலைகள் 54 எழுந்தன. நூலகம், ஆய்வுகூடம், விளையாட்டு மைதானம், மாணவர் விடுதி. ஐந்தாம் வகுப்பில் புலமைப்பரிசில் சித்தியடைந்த கிராமத்துப் பிள்ளை அந்த விடுதியில் தங்கி, மூன்று வேளையும் சாப்பிட்டு, காசு கட்டாமல் படித்தது. கிழக்கில் வந்தாறுமூலை, வடக்கில் வேலணை என்று தமிழ்ப் பகுதிகளிலும் மத்திய பாடசாலைகள் வந்தன. வந்தாறுமூலையில் அந்தப் பாடசாலை இருந்த இடத்தில்தான் இன்று கிழக்குப் பல்கலைக்கழகம் நிற்கிறது.

ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை எதற்காக வந்தது என்பதைக் கவனியுங்கள். பசியில் இருக்கிற கிராமத்துக் கெட்டிக்காரப் பிள்ளையைத் தேடிப் பிடித்து, சாப்பாடும் படுக்கையும் கொடுத்துப் படிப்பிப்பதற்காக. இன்று அதே பரீட்சைக்காகத்தான் பத்து வயதுப் பிள்ளை சாப்பிடாமல், தூங்காமல் வந்து காலைக் கூட்டத்தில் விழுகிறது.

எல்லாரையும் எட்டவில்லை

கன்னங்கராவைக் கும்பிடுவதற்காக நான் இதை எழுதவில்லை. அவருடைய திட்டத்துக்குள் வராமல் போன பிள்ளைகளும் உண்டு. பெரிய ஓட்டை மலையகம். தேயிலைத் தோட்டத்துப் பாடசாலைகள் தோட்ட முகாமைகளின் கையில் விடப்பட்டன. ஓர் அறை, ஓர் ஆசிரியர், ஐந்தாம் வகுப்போடு முடியும் படிப்பு. 1970 களில் அரசு பொறுப்பேற்கும்வரை அந்தப் பிள்ளைகளுக்கு இலவசக் கல்வி என்பது பெயரளவில்தான். அந்த முப்பது ஆண்டு இடைவெளியை மலையகம் இன்னும் ஓடிக் கடந்துகொண்டிருக்கிறது.

தாய்மொழிக் கல்வி சரியான கொள்கை. தன் மொழியில்தான் பிள்ளைக்குப் பாடம் விளங்கும். ஆனால் பின்னால் வந்த அரசியல் மொழியைக் கையில் எடுத்தபோது, ஒரே ஊரில் சிங்களப் பாடசாலை ஒரு பக்கமும் தமிழ்ப் பாடசாலை ஒரு பக்கமுமாகப் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் அறியாமலே வளர்ந்தார்கள். அதற்குக் கன்னங்கராவை மட்டும் குற்றம் சொல்லமுடியாது. ஆனால் அந்தப் பிரிவின் விலையை நாங்கள் எல்லாரும் கொடுத்தோம்.

தோற்றுப்போன அமைச்சர்

1947 பொதுத் தேர்தலில் மத்துகமையில் கன்னங்கரா தோற்றார். வென்றவர் வில்மட் ஏ. பெரேரா. இலவசக் கல்வி வந்து இரண்டே ஆண்டுகள். சுதந்திர இலங்கையின் முதலாவது பாராளுமன்றத்தில் அவருக்கு இடம் இல்லை. பிறகு இந்தோனேசியாவில் இலங்கையின் பிரதிநிதியாக இருந்தார். 1952 இல் அகலவத்தையில் வென்று திரும்பிவந்தபோது கல்வி அமைச்சு கொடுக்கப்படவில்லை. உள்ளூராட்சி அமைச்சு கொடுத்தார்கள். 1956 இல் அரசியலில் இருந்து ஒதுங்கினார்.

பதினாறு ஆண்டுகள் அமைச்சராக இருந்தவர் சொத்துச் சேர்க்கவில்லை. கடைசிக் காலத்தில் அவருடைய செலவுக்கு அரசு ஒரு தொகையும் பிறகு மாதாந்தக் கொடுப்பனவும் வழங்கவேண்டியிருந்தது. 1969 செப்டம்பர் 23 ஆம் திகதி, 85 வயதை எட்ட மூன்று கிழமைக்கும் குறைவான நாட்கள் இருக்கையில், அவர் காலமானார்.

எங்கள் கொட்டில்

1990 ஒக்டோபர் கடைசியில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது எனக்குப் பதினொரு வயது. எழுபதாயிரத்துக்கும் அதிகமானவர்கள் ஒரு சில நாட்களுக்குள் ஊரை விட்டோம். மன்னார்த் தீவில் இருந்து நாங்கள் வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்து இறங்கினோம். உம்மா ஒரு பையில் எங்கள் உடுப்பையும் என் பாடசாலைத் தேர்ச்சி அறிக்கையையும் வைத்திருந்தா. நகையை விட்டு அதை ஏன் எடுத்துவந்தா என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

முகாமில் கிடுகுக் கொட்டில். மழைக்கு ஒழுகும், வெயிலுக்கு வேகும். சில கிழமைகளில் பெரியவர்கள் ஓலை வேய்ந்து ஒரு கொட்டிலை வகுப்பறை ஆக்கினார்கள். எங்களோடு இடம்பெயர்ந்த ஆசிரியர்களே படிப்பித்தார்கள். பிற்பாடு உள்ளூர்ப் பாடசாலையில் பின்னேர வகுப்புக் கிடைத்தது. காலையில் ஊர்ப் பிள்ளைகள், பின்னேரம் நாங்கள். கதிரை சூடு ஆறியிருக்காது. இடம் போதாமல் இரண்டு பக்கமும் முறுகலும் இருந்தது. ஊர்ப் பிள்ளைகளுக்கும் அதனால் இழப்பு என்பதை இன்றைக்கு நியாயமாகச் சொல்லவேண்டும்.

ஆனால் ஒருவரும் எங்களிடம் காசு கேட்கவில்லை. அடையாள அட்டை இல்லை, காணி இல்லை, வாக்காளர் பதிவு இல்லை. எல்லாவற்றையும் இழந்த எங்களிடம் எஞ்சியிருந்த உரிமை ஒன்றுதான். பாடசாலை வாசலில் போய் நின்றால் உள்ளே எடுக்கவேண்டும். 1980 இல் வந்த இலவசப் பாடநூல் எங்கள் கைக்கும் வந்தது. 1993 இல் இலவசச் சீருடைத் துணி வந்தபோது, முகாமில் முதன்முறையாகப் புதுத்துணி வாசம் கிடைத்தது. உம்மா ஏன் தேர்ச்சி அறிக்கையை எடுத்துவந்தா என்று அப்போது விளங்கியது.

அதே கொட்டிலில் என்னோடு இருந்த ஒரு பையனை மொக்கன் என்று சொல்லிக் கடைசி வாங்கில் இருத்தினார்கள். அவனுக்குக் கரும்பலகை தெரியவில்லை என்பதைக் கண்டுபிடிக்க ஒருவருக்கும் இரண்டு வருடமாகத் தோன்றவில்லை. கண்ணாடி கிடைத்தபோது அவன் ஏழாம் வகுப்பு. அதற்குள் அவனுக்குப் படிப்பு வெறுத்துவிட்டது, கடலுக்குப் போய்விட்டான். இலவசக் கல்வி அவனுக்கும் கிடைத்தது. கண் பரிசோதனை கிடைக்கவில்லை. கதவு திறந்திருந்தால் மட்டும் போதாது என்பதற்கு எனக்கு வேறு சாட்சி தேவையில்லை.

இன்றைக்குச் செய்யக்கூடியது

வன்னியில், மன்னாரில், மூதூரில், வாகரையில் இதை வாசிக்கிற பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் என் அனுபவத்தில் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். எல்லாம் காசு இல்லாமலே செய்யக்கூடியவை.

முதலாவது காலைச் சாப்பாடு. பழஞ்சோறு, அவித்த கிழங்கு, பாணும் பருப்பும், எது இருந்தாலும் சரி. வெறும் பிளேன்டீ சாப்பாடு அல்ல. சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் அதில் உள்ள இரும்புச் சத்தும் உடம்பில் சரியாகச் சேராது. பாடசாலையில் கிழமைக்கு ஒருமுறை கொடுக்கிற இரும்புச் சத்து மாத்திரையைப் பிள்ளைகள் மதிலுக்கு மேலால் எறிவதை நான் கண்டிருக்கிறேன். பெரிய பெண் பிள்ளைகளுக்கு அது மிகவும் தேவை. ஏன் என்று ஆசிரியை ஒருவர் அவர்களுக்குத் தனியாகச் சொல்லிக் கொடுத்தால் எறியமாட்டார்கள்.

இரண்டாவது மருத்துவப் பரிசோதனை. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் இருந்து வைத்தியரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் பாடசாலைக்கு வருவார்கள். அந்த நாளில் பிள்ளையைக் கட்டாயம் அனுப்புங்கள். கண், காது, பல், உயரம், நிறை எல்லாம் பார்ப்பார்கள். கடிதம் தந்தால் அதைக் கூரையில் செருகிவிடாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். அவர்கள் வராவிட்டால் அதிபர் எழுதிக் கேட்கலாம். பின்வாங்கில் இருக்கிற பிள்ளையை ஒரு நாள் முன்வாங்கில் இருத்திப் பார்ப்பதற்கு எந்த அதிகாரியும் வரத் தேவையில்லை.

மூன்றாவது தண்ணீர். கற்பிட்டி மணல் நிலம். தோட்டங்களில் போடுகிற உரம் சுலபமாகக் கிணற்றுக்கு இறங்கிவிடுகிறது. இங்கே பல கிணறுகளில் நைத்திரேற்று அதிகம் என்று ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கிறார்கள். அது கொதிக்கவைத்தாலும் போகாது. பாடசாலைக் கிணற்றைப் பரிசோதிக்கச் சொல்லிக் கேட்பது பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் வேலை. டாரலைக் கொன்ற காய்ச்சல் எதனால் பரவும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது இடைவிலகல். பருவக் காற்று மாறும்போது எங்கள் கடற்றொழில் குடும்பங்கள் வாடி மாறிப் போகும். பிள்ளைகளும் கூடவே போய்விடும். மூன்று மாதம் கழித்து வருகிற பிள்ளைக்கு வகுப்பு விளங்காது, வெட்கப்பட்டு நின்றுவிடும். போகிற இடத்துப் பாடசாலையில் தற்காலிகமாகச் சேர்க்க முயற்சி செய்யுங்கள். திரும்பி வருகிற பிள்ளையைத் திட்டாமல் சேர்த்துக்கொள்வது எங்கள் பொறுப்பு. 16 வயது வரை கல்வி கட்டாயம் என்று 2016 இல் விதி வந்தது. ஆனால் விதியைவிட வீட்டுக்குத் தேடிவருகிற ஓர் ஆசிரியர்தான் பிள்ளையைத் திரும்பக் கொண்டுவருவார்.

ஐந்தாவது தூக்கம். பத்து வயதுப் பிள்ளைக்கு ஒன்பது மணித்தியாலமாவது தூக்கம் வேண்டும். தூங்காத பிள்ளைக்கு எத்தனை மாதிரி வினாத்தாள் கொடுத்தாலும் அது மண்டையில் நிற்காது. புலமைப்பரிசில் கிடைக்காவிட்டால் வாழ்க்கை முடிந்துவிடுவதும் இல்லை. எனக்கும் அது கிடைக்கவில்லை.

1956 இல் தமிழ்நாட்டில் காமராசர் பாடசாலை மதிய உணவைத் தொடங்கியதை எங்கள் பக்கத்திலும் எல்லாரும் அறிவார்கள். இங்கேயும் எங்கள் பெற்றோர் காலத்தில் பால்மா, பணிஸ், பிஸ்கட் என்று ஏதோ கொடுத்தார்கள். 1989 இல் மதிய உணவு வந்தது. பிறகு நின்றது, மறுபடி வந்தது. அரசு மாறும்போது சட்டியும் மாறும். 2022 நெருக்கடியில் அடுப்பு அணைந்த வீடுகள் பல இன்னும் நிமிரவில்லை. ஆகவே சட்டி எப்போது வரும் என்று பார்த்திருக்காமல், எங்கள் பாடசாலையில் பெற்றோர் சிலர் சேர்ந்து கிழமையில் மூன்று நாள் காலைக் கஞ்சி காய்ச்சத் தொடங்கியிருக்கிறோம். ஒருவர் அரிசி, ஒருவர் தேங்காய், முருங்கை இலை வேலியில் இருக்கிறது. கடற்றொழிலாளர் சங்கம் விறகுக்குப் பொறுப்பு. திங்கட்கிழமை கட்டாயம் கஞ்சி உண்டு.

மயங்கி விழுந்த பிள்ளையின் தகப்பனைக் கூப்பிட்டுப் பேசினேன். அதிகாலை ரியூசனை நிறுத்திவிட்டார். பரீட்சை முடிவு இன்னும் வரவில்லை. வந்தால் என்ன, வராவிட்டால் என்ன. இப்போது அந்தப் பிள்ளை காலையில் கஞ்சிக் கோப்பையோடு அந்தப் படத்துக்குக் கீழேதான் உட்கார்ந்திருக்கும். படத்தில் இருப்பவர் யார் என்று ஒருநாள் கேட்டது. பத்து வரிக் கட்டுரையைச் சொல்லாமல், பரிசளிப்பு விழாவில் மாட்டு வண்டி தேவைப்பட்ட பையனின் கதையைச் சொன்னேன். சிரித்துவிட்டு இன்னொரு கோப்பைக் கஞ்சி கேட்டது.